பிஎஸ்-6 டீசல் வண்டி: ‘ரீஜெனரேஷன்’ – மீளுருவாக்கமா, கரியெரிப்பா?

> ஓட்டுநர் கையேட்டில் ‘மீளுருவாக்கம்’ என்றே போட்டுவிடலாம். அகராதியிலேயே இருக்கிறது.

ஐயா, இருக்கிறது, ஆனால் பல்லிக்கு வால் முளைப்பதைச் சொல்ல வந்த சொல் அது. இங்கே எதுவும் முளைப்பதில்லை. புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்து நீக்குவதைத்தான் ‘ரீஜெனரேஷன்’ என்கிறார்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் புதிய வண்டிகளுக்கு பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்-6) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி கட்டாயமானது. டீசல் காரின் புகைத்துகள் வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5க்கு இறங்கியது. எஞ்சினை மட்டும் திருத்தி அதைத் தொடுவது கடினம். எனவே புகைபோகும் பாதையில் பீங்கான் வடிகட்டி வந்து உட்கார்ந்தது. தேன்கூடு மாதிரி அறைகள். ஒன்றுக்கு முன்முனை அடைப்பு, அடுத்ததற்குப் பின்முனை. புகை சுவரைத் துளைத்துத்தான் வெளியேற முடியும், கரி உள்ளேயே தங்கிவிடும்.

அதை 600 டிகிரி வாக்கில் எரிக்க வேண்டும். கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்குப் போகிறவர் கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று ஊர்ந்தால் அந்தச் சூடு எங்கே ஏறும்? டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஆல்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக் சொல்வார்: “கரி அடைச்சிருக்கு சார், நாலுவழிச் சாலைல அரை மணி நேரம் ஒரே வேகமா ஓட்டி எரிச்சுட்டு வாங்க.” கரியெரிப்பு! சொல் பட்டறையிலேயே கிடக்கிறது.

இன்னொன்று. கரி எரிந்தாலும் எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. சேர்ந்துகொண்டே போகும், ஒருநாள் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ‘மீளுருவாக்கம்’ என்றால் வடிகட்டி புதிதாகிவிட்டது என்றுதான் வண்டிக்காரர் நினைப்பார்.

– கடலூர்

> கரியெரிப்பு

எனக்குச் சம்மதம். அடுப்புக்கரி ஞாபகம் வருமே என்று முதலில் தயங்கினேன். புகைக்கரியெரிப்பு என்றால் வாய் வலிக்கும், விட்டுவிடலாம். ஆனால் இதே காரணத்தால் கருவிக்குக் ‘கரி வடிகட்டி’ வேண்டாம். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் அந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ‘துகள் வடிகட்டி’ போதும்.

கூட்டுச்சொல்லும் ஒழுங்காகப் பிறக்கிறது. ஓடும்போதே கூடுதல் டீசல் பீய்ச்சிச் சூடேற்றுவது முடுக்கிய கரியெரிப்பு. சர்வீஸ் சென்டரில் கணினியை மாட்டிச் செய்வது பணிமனைக் கரியெரிப்பு. நெடுஞ்சாலை ஓட்டத்தில் தானாக நடப்பதற்குத் ‘தன்னியல்பு’ என்று போடலாமா, ‘இயல்பு’ மட்டும் போதுமா? கையேடு அச்சுக்குப் போவதற்குள் யாராவது சொல்லுங்கள்.

– புதுச்சேரி