பிரீமியர் பத்மினி: பெயின்ட்டுக்குப் பிந்தைய வேலைகள் (புதுப்பிப்பு)

என் பழைய பிரீமியர் பத்மினி காரின் கதவுகளின் அடிப்பகுதியில் துருவேறிய தகட்டை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்தது வரை முன்பு எழுதியிருந்தேன். இப்போது பெயின்ட் வேலையும் முடிந்துவிட்டது. உடனே வாக்ஸ் (பளபளப்பு மெழுகு) போடலாமா என்று கேட்டவர்களுக்கு: பெயின்ட்டில் எஞ்சியிருக்கும் தின்னர் ஆவியாகி வெளியேற வேண்டும் என்பதால், 30 நாள்களாவது பொறுத்திருப்பது நல்லது.

கதவுக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்காக அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகளைப் புது பெயின்ட் அடைத்திருந்ததால், மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றையும் திறந்து, கதவின் உட்புறத்திலும் அதன் கீழே பெட்டிபோல் உள்ளீடற்று இருக்கும் உடற்பகுதியிலும் துருத்தடுப்பு மெழுகைத் தெளித்தேன். தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத பத்மினிக்கு உடற்கூடே பலம். அதனால் பளபளப்பைவிடத் துருத்தடுப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடி பீடிங்கும் (கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பட்டை) குரோம் பம்பரும் பொருத்தியாயிற்று. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், வண்டி ஓடாமல் நின்றாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள்.