இணையக் கடையில் வாங்குபவர்களைக் கூட்ட என்ன சோதித்தீர்கள்? அனுபவத்தைப் பகிருங்கள்

தறிமேடை:
சின்னாளப்பட்டிச் சேலைகளை இணையத்தில் விற்கிறோம். பார்த்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். எங்கள் தளத்தைப் பராமரித்தவர்கள், "வாங்கும் பொத்தான் பாதிப் பேருக்குப் பச்சையாகவும் பாதிப் பேருக்கு ஆரஞ்சாகவும் தெரியட்டும், எது விற்கிறது என்று பார்ப்போம்" என்றார்கள். பொத்தானின் நிறத்தால்தான் எங்கள் வியாபாரம் தேங்கி நிற்கிறது என்பதை என் மனம் ஏற்கவில்லை. அத்தையை அழைத்துத் தளத்தைத் திறந்து கொடுத்தேன். "பிடித்த சேலை ஒன்றை வாங்குங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு.

அத்தை முதலில் முந்தானையைத் தேடினார். பிறகு ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா என்று தேடினார். அந்த விவரம் சலவைக் குறிப்புக்கும் கீழே கிடந்தது. ஒருவழியாகச் சேலையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போனால், கணக்குத் தொடங்கச் சொல்லிக் கடவுச்சொல் கேட்டது. அதில் பெரிய எழுத்து வேண்டுமாம், எண் வேண்டுமாம், குறியீடும் வேண்டுமாம். "சேலை வாங்க வந்தவளுக்குப் பரீட்சையா வைக்கிறீர்கள்?" என்று அலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்து உட்காரவைத்த கல்லூரி மாணவியும் அதே பக்கத்தில்தான் சலித்துக்கொண்டாள். கடவுச்சொல்லை நீக்கினோம், அலைபேசி எண்ணும் முகவரியும் போதும் என்று ஆக்கினோம். அந்தப் பக்கம்வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் நன்றாகவே குறைந்தார்கள். பொத்தான் இன்றும் பச்சைதான்.

எண்கணக்கன்:
அக்கா, இதே கதை அமெரிக்காவில் ஒரு பெரிய கடைக்கு நடந்திருக்கிறது. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேரட் ஸ்பூல் 2009இல் அதை எழுதினார். அங்கும் வாடிக்கையாளர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். 'பதிவு செய்க' என்ற பொத்தானை எடுத்துவிட்டுத் 'தொடர்க' என்று வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்று ஒரு வரியும் சேர்த்தார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் கூடுதல் வருமானம் 30 கோடி டாலர்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய விற்பனைத் தளத்தில். இந்தப் பாதிக்குப் பாதி சோதனைதான் என் பிழைப்பு. ஆனாலும் சிறிய கடைக்காரர்கள் கேட்டால் வேண்டாம் என்றே சொல்கிறேன். காரணம் எளிய கணக்கு. வருபவர்களில் 2 சதவீதம் பேர் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். அது 2.2 ஆக உயர்ந்ததா என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, வழக்கமான அளவுகோலின்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ 80,000 பேர் வேண்டும். நாளொன்றுக்கு 300 பேர் வரும் கடை ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும்! அதற்குள் பொத்தானும் மாறியிருக்கும், கடையும் மாறியிருக்கும்.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் தினமும் எட்டிப் பார்த்து, ஒரு பக்கம் முந்துகிற நாளில் "வெற்றி" என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்படி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால், இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருந்தாலும் என்றாவது ஒரு நாள் ஒன்று முந்தத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் வருபவர்களை இரண்டாகப் பிரித்து, இரு பாதிக்கும் ஒரே பக்கத்தைக் காட்டிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

கூட்டம் இருக்கும் இடத்தில் கதை வேறு. 2012இல் பிங் தேடுபொறியில் விளம்பரத் தலைப்பைச் சற்று நீட்டிக் காட்டிய ஒரு சிறு மாற்றம் வருமானத்தை 12 சதவீதம் உயர்த்தியது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல். அந்த யோசனை பல மாதங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு பலன் தரும் என்று யாரும் ஊகிக்கவில்லை.

கருப்பட்டிக் கடை:
நாங்கள் உடன்குடிக் கருப்பட்டி அனுப்புகிறோம். எதைக் கணக்கிடுகிறோம் என்பதில்தான் எங்களுக்குச் சிக்கல் வந்தது. ஆலோசகர் ஒருவர் கேஷ் ஆன் டெலிவரியைப் பணம் கட்டும் பக்கத்தில் முதலாவதாக வைக்கச் சொன்னார். ஆர்டர் குவிந்தது, அவர் வரைபடம் காட்டி மகிழ்ந்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்சல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின. வீட்டில் ஆள் இல்லை, கேட்கவே இல்லை, வேண்டாம் என்று ஆயிரம் காரணங்கள். போக வரக் கூரியர் செலவு எங்கள் தலையில், வெயிலில் இளகிய கருப்பட்டி எங்கள் கையில். இப்போது யூபிஐ முதலாவதாக இருக்கிறது. வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டும்தான் விற்பனை என்று எழுதுகிறோம்.

இன்னொன்று பலன் தந்தது. ஆறு இலக்கப் பின்கோடைப் பொருளின் பக்கத்திலேயே கேட்டு, அனுப்பும் செலவையும் அங்கேயே காட்டிவிடுகிறோம். கூடையில் போடுபவர்கள் குறைந்தார்கள். பணம் கட்டுபவர்கள் குறையவில்லை. எப்படியும் போகப்போகிறவர்கள் முன்னதாகவே போகிறார்கள், அவ்வளவுதான்.

மாற்றத்துக்கு முன், மாற்றத்துக்குப் பின் என்று ஒப்பிடுபவர்கள் தீபாவளியை மறந்துவிடாதீர்கள். புரட்டாசியோடு ஐப்பசியை ஒப்பிட்டால் எந்தப் பொத்தானும் ஜெயிக்கும்.

வளையல்பெட்டி:
தறிமேடை அக்கா, எத்தனை பேரை உட்காரவைக்க வேண்டும்?

தறிமேடை:
ஐந்து பேர் போதும் என்று இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியிருக்கிறார். நாங்களும் அந்த அளவோடு நிறுத்தி, கண்டதைச் சரிசெய்துவிட்டு அடுத்த ஐவரை அழைக்கிறோம். உங்கள் அலைபேசியைக் கொடுக்காதீர்கள். அதில் முகவரியெல்லாம் தானாகவே நிரம்பிவிடும். அவரவர் அலைபேசியிலேயே வாங்கட்டும். பணத்தையும் உண்மையாகவே கட்டச் சொல்லிப் பிறகு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.