நேர மாற்றமா, நேர ஒப்பீடா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வெள்ளிக்கிழமை இயல் அச்சுக்குப் போகிறது. தொலைவில் உள்ள அணுக்கடிகாரங்களைச் செயற்கைக்கோள் வழியாக ஒத்துப் பார்ப்பது பற்றிய இயல். ஆங்கிலத்தில் இதை 'time transfer' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடி மூன்று நாளாக 'நேர மாற்றம்' என்பதிலேயே நிற்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வண்டி புறப்படும் நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்றுதான் மாணவர் புரிந்துகொள்வார். 'நேரக் கடத்தல்' அதைவிட மோசம். 'பரிமாற்றம்' பொருந்தும், ஆனால் ஒரு முறைக்கு மட்டும்.

இருவழி முறையில் இரு நிலையங்களும் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துப் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பும். போகிற வழியே வருகிற வழியும் என்பதால் இரு நிலையங்களின் அளவீடுகளையும் கழிக்கும்போது பாதைத் தாமதம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். பிழை 1 நானோநொடி அளவுக்கு இறங்கும். அதற்குள் ஒளி 30 சென்டிமீட்டர்தான் போகும். (புவிச் சுழற்சியால் வரும் சாக்னாக் திருத்தம் மட்டும் அடிபடாது.) இங்கே பரிமாற்றம் உண்டு, சரி.

ஆனால் 1980-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆலனும் வைஸும் முன்வைத்த 'common view' முறையில் இரு நிலையங்களும் ஒரே ஜிபிஎஸ் செயற்கைக்கோளை ஒரே சமயத்தில் பார்க்கின்றன. அதன் கடிகாரப் பிழை இருவருக்கும் பொது, கழித்தால் நீங்கிவிடும். நிலையங்களுக்கிடையே சமிக்ஞை எதுவும் போவதில்லை. இரண்டு முறையிலும் கடிகாரத்தில் யாரும் கை வைப்பதில்லை, வேறுபாட்டைக் குறித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் 'ஒத்திசைவு', அதாவது கடிகாரங்களைத் திருத்தி ஒன்றாக்குவதுகூட, அடுத்த படி என்கிறேன். இங்கே நடப்பது நேர ஒப்பீடு.

அப்புறம், அந்த 1980 முறையின் 'common view' என்ற பெயருக்கு நம்மிடையே வந்த 'பொதுநோக்கு'. அழகான சொல்தான். ஆனால் குறிப்பறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அதை ஆளும்போது, காதலர் முன்பின் அறியாதவர்போல் பார்த்துக்கொள்ளும் பார்வை அது. நமக்கு வேண்டியது இருவர் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பது. ஐயா சொன்ன 'உடன்நோக்கு' பொருளில் மிகச் சரி. ஆனால் நன்னூல்படி புணர்த்தினால் 'உடனோக்கு' ஆகிவிடும். அதைப் பிரித்துப் படிக்க மாணவர் திணறுவார். புணர்க்காமல் எழுதினால் ஐயாவே ஒப்பமாட்டார். 'ஒருங்குநோக்கு' என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

நேற்றுவரை ஐந்து பேர் 'ஒருங்குநோக்கு' பக்கம். ஐயா இன்னும் 'உடனோக்கு' என்றே நிற்கிறார், பழகினால் வாயில் வரும் என்கிறார். வெள்ளிக்குள் வேறு சொல் வராவிட்டால் 'ஒருங்குநோக்கு நேர ஒப்பீடு', 'இருவழி நேர ஒப்பீடு' என்று அனுப்பிவிடுகிறேன். ஐயாவின் சொல் அடிக்குறிப்பில் இருக்கும்.