மாவோரி வீரர் பஸ்ட்: முகத்து மோக்கோ ஸ்டிக்கர் மாதிரி தெரியுது, உதவி தேவை

கேள்வி:
மாவோரி (நியூசிலாந்துப் பழங்குடி) வீரரோட 1/10 ரெசின் பஸ்ட் (மார்பளவு சிலை). தோல் வேலை அக்ரிலிக்ல முடிஞ்சாச்சு. மோக்கோவை (மாவோரிகளோட பாரம்பரியப் பச்சை) ரொம்ப மெல்லிசான 5/0 பிரஷ்ல, சுத்தக் கறுப்புல போடறேன். கோடு பாதியிலேயே அறுந்துடுது. முடிஞ்ச வலது கன்னமோ முகத்தோட சேராம தனியா நிக்குது. வார்ப்புல கோடு எதுவும் செதுக்கல, கன்னம் வழவழன்னு இருக்கு.

பதில் 1:
கோடு அறுறதுக்கு 5/0தான் காரணம். அதுல பெயின்ட் நிக்காது, நுனிக்கு வர்றதுக்குள்ள காஞ்சிடும். நுனி கூரான 1ஆம் நம்பர் சேபிள் (விலங்கு முடி) பிரஷ் எடுங்க. பெயின்ட் 1 பங்கு, தண்ணி 2 பங்கு, ரிடார்டர் (பெயின்ட் காயறதைத் தாமதப்படுத்துற திரவம்) துளி. ரிடார்டர் கூடினா அடுத்த பூச்சுல உரிஞ்சு வரும். டிஷ்யூல ஒத்தி, கட்டைவிரல் நகத்துல இழுத்துப் பாத்துட்டு முகத்துக்குப் போங்க. முதல் கோடு வெளிறித்தான் விழும்; அதே தடத்துல 2, 3 தடவை போகணும். சுழி வர்ற இடத்துல கையை வளைக்காம பஸ்ட்டைத் திருப்புங்க.

இடது கன்னம் தொடங்கும் முன்னாடி தோல் மேல மேட் வார்னிஷ் ஒரு கோட் கொடுங்க. தப்பினா ஈரப் பிரஷ்ஷால உடனே துடைச்சுடலாம். பென்சில் வேண்டாம், கிராஃபைட் பளபளக்கும்.

பதில் 2:
சுத்தக் கறுப்பு இங்க ஆகாது. மை தோலுக்குள்ள இருக்கு, அதனால தோல்ல வெளிச்சம் மாறுற இடத்துல கோடும் மாறணும். டார்க் ப்ரஷ்யன் ப்ளூ 2, கறுப்பு 1, அடித்தோல் நிறம் 1. நெத்தி மேடு, கன்ன எலும்புல தோல் நிறத்தைக் கூட்டுங்க.

பழைய மோக்கோ ஊசியால குத்தினது இல்ல, உஹிங்கிற எலும்பு உளியால வெட்டினது. தோல்ல பள்ளமே விழும். வெளிச்சம் மேல இருந்து வருதுன்னா பள்ளத்தோட கீழ் விளிம்புதான் மின்னும். அங்க வெளிர் தோல் நிறத்துல மயிரிழைக் கோடு. பெரிய சுழிகளுக்கு மட்டும் போதும், எல்லாத்துக்கும் போட்டா முகம் கலங்கிடும்.

வலது கன்னத்தை அழிக்க வேண்டாம். தடிச்ச கோட்டை ரெண்டு பக்கமும் தோல் நிறத்தால வெட்டி ஒடுக்குங்க. அப்புறம் தோல் நிறம் 1, தண்ணி 10 கலந்து மெல்லிசா 2 கிளேஸ் (அடி நிறம் தெரியற பூச்சு).

கேட்டவர்:
நன்றி. இடது கன்னத்துக்கு வலதையே கண்ணாடிப் பிம்பமா போடலாமா?

பதில் 3:
வேண்டாங்க. பெரிய சுழிகள் சமமா அமையும், உள் நுணுக்கம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். கோட்டோட்டம் பாக்க ஓவியர் லிண்டாவர் 1890ல வரைஞ்ச மாவோரித் தலைவர் தாமாட்டி வாகா நேனே ஓவியம் நல்லது. ஆனா அச்சு அசலா எடுக்காதீங்க, அந்த மோக்கோ அந்த மனுஷரோட வம்சாவளியைச் சொல்றது. மூக்கிலிருந்து வாயைச் சுத்தித் தாடைக்கு இறங்குற வளைவுகளை முதல்ல போடுங்க, மத்ததுக்கு அதுதான் அளவு. கன்னச் சுழி அப்புறம், மூக்குச் சுழி கடைசி.