கீழே அண்ணாச்சி மளிகை, வாசலில் பெரிய கம்பெனி: இடத்தை யாருக்கு விடுவது?

தேரடி வாசி:

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கினால் நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு தெருவில் எங்களுக்குப் பழைய வீடு இருக்கிறது. மாடியில் நாங்கள். கீழே முன்பக்கம் ஒரு மளிகைக் கடை, ஒரு டெய்லர் கடை, பின்னால் மளிகை அண்ணாச்சியின் சின்ன குடோன். அண்ணாச்சி அப்பா காலத்து ஆள். வாடகை ஒரு மாதம்கூட நின்றதில்லை, அதே சமயம் பெரிதாக ஏறியதும் இல்லை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பக்கத்துக் கடை இடங்களுக்கு மவுசு கூடிவிட்டது.

போன மாதம் ஒரு புரோக்கர் வந்தார். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி, மெயின் ரோட்டில் பெரிய கடை போடுவதோடு நிற்காமல் இப்போது தெருவுக்குள்ளும் சின்னச் சின்னதாகக் கடை திறக்கிறதாம், அதற்கு எங்கள் கீழ்த்தளம் முழுவதும் வேண்டுமாம். நடுச்சுவரை எடுத்து ஒரே ஹாலாக்க வேண்டும், ஜெனரேட்டருக்குச் சந்துப் பக்கம் இடம் விட வேண்டும். இரண்டு கடையும் சேர்ந்து இப்போது தருவதைப்போல இரண்டரை மடங்கு வாடகை, ஒன்பது வருட அக்ரிமென்ட், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏற்றம். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அதனால் இந்தப் பணத்தை வேண்டாம் என்று சட்டென்று சொல்லிவிட முடியாத நிலைமை.

அண்ணாச்சியிடம் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கு எது தோதோ செய்யுங்க தம்பி, ஆறு மாசம் டைம் மட்டும் குடுங்க" என்றார். சண்டை போட்டிருந்தால்கூட முடிவெடுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகள் காசிமேட்டுப் படகுகளை நம்பி இருப்பவை, அவர்கள் அத்தனை பேருக்கும் இவர் கடையில்தான் கணக்கு. இப்படிப்பட்ட கம்பெனிக்கு இடம் விட்டவர்கள், கடைக்காரர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளபடி சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை மளிகை:

தம்பி, நான் கடைக்காரன், எப்படியும் ஒரு பக்கமாகத்தான் பேசுவேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் விலையைக் குறைத்து விற்பது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வந்து, அங்கிருந்து லைன் வண்டியில் என் கடைக்கு வருகிறது. எனக்கு நூற்றுக்கு எட்டோ பத்தோ நிற்கும், வேகமாக ஓடுகிற சில சரக்குகளில் அதுவும் நிற்காது. அவர்கள் கம்பெனியிடமே லாரி லாரியாக எடுக்கிறார்கள். நான் கொள்முதல் செய்யும் விலைக்கும் கீழே அவர்கள் ஜனங்களுக்கு விற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அங்கேயே போய் இரண்டு அட்டைப்பெட்டி வாங்கி வந்து தங்கள் கடையில் வைத்து விற்ற வியாபாரிகளும் உண்டு. 2021 கடைசியில் அகில இந்திய அளவில் டிஸ்ட்ரிபியூட்டர்கள் சங்கமே இதற்காகக் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றது, எங்களுக்கு ஒரு விலை பெரிய கைகளுக்கு ஒரு விலையா என்று. வருஷா வருஷம் மே 5 வணிகர் தினத்துக்குக் கடையை மூடி மாநாட்டுக்குப் போகிறோமே, அங்கேயும் பேச்சு இதுதான்.

சரி, அப்புறம் நாங்கள் எதில் பிழைக்கிறோம்? அரிசி, பருப்பு, மிளகாயில். அரிசி செங்குன்றம் மில்லிலிருந்து வருகிறது, பருப்பும் மிளகாயும் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் எடுக்கிறோம். 2022 ஜூலையில் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்தவுடன் மில்லிலிருந்து 26 கிலோ மூட்டை வர ஆரம்பித்ததே, ஞாபகம் இருக்கும். மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் அந்த வரி கிடையாது. பத்து ரூபாய்க்குத் துவரம்பருப்பு கேட்டாலும் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். பெரிய கடையில் அப்படிக் கேட்க முடியாது.

ஆனால் உங்கள் தெருவுக்கு முக்கியம் கடன் நோட்டுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகில் போகிறவனுக்கு அந்த இரண்டு மாதம் கையில் காசு புழங்காது, அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணம் வீட்டு வாடகைக்கும் வட்டிக்குமே சரியாகப் போய்விடும். என் கடையில் நீளவாக்கில் ஒரு நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர்கூட எழுத மாட்டேன், "ஐஸ் கம்பெனி", "மாடி ஆயா", "படகு, ரெண்டாவது தம்பி" என்றுதான் தலைப்பு இருக்கும். அதற்குக் கீழே சர்க்கரை கால், முட்டை நாலு, எண்ணெய் ஒண்ணு, ஷாம்பு ரெண்டு என்று மே மாதத்தில் எல்லாப் பக்கமும் நிரம்பி, அடுத்த பக்கம் ஒட்ட வேண்டியிருக்கும். படகு இறங்கிப் பங்கு பிரித்ததும் வந்து கொடுப்பார்கள், கோடு போட்டு அடித்துவிடுவேன். முழுசாகத் திரும்பாத பக்கங்களும் இருக்கின்றன, அதையும் தாங்கித்தான் கடை நடக்கிறது. உங்கள் வீட்டுக் கீழே வரப்போகும் கடையின் கம்ப்யூட்டரில் "மாடி ஆயா" என்று ஒரு கணக்கு திறக்க முடியுமா என்று அந்தப் புரோக்கரைக் கேட்டுப் பாருங்கள்.

எம்.கே.பி. நகர் அக்கா:

நான் ஒரு கம்பெனிக் கடையில் பில்லிங்கில் வேலை பார்த்தவள், இப்போது இல்லை. அண்ணன் சொன்ன கடன் நோட்டு அத்தனையும் உண்மை, எங்கள் அம்மா அதில்தான் எங்களை வளர்த்தார். ஆனால் அவர் சொல்லாமல் விட்டதை நான் சொல்லியாக வேண்டும்.

நோட்டில் எழுதி வாங்குகிறவளுக்கு எம்ஆர்பியில் ஒரு ரூபாய் குறையாது. கையில் காசு இருப்பவள் பெரிய கடைக்குப் போய் குறைந்த விலைக்கு வாங்கி வருகிறாள், காசில்லாதவள் அண்ணாச்சியிடம் முழு விலை கொடுக்கிறாள். பாக்கி நிற்கிறதே என்று நினைத்து, வண்டு விழுந்த ரவையைக்கூடத் திருப்பிக் கொடுக்க வாய் வராது. எங்கள் அம்மா அந்த ரவையைச் சலித்துச் சலித்துச் சமைத்ததை நான் மறக்கவில்லை. அந்த மரியாதைக் குறைச்சல் பெரிய கடையில் இல்லை, யாரும் யாருக்கும் கடன்பட்டிருக்க மாட்டோம், விலை எழுதி ஒட்டியிருக்கும், பிடிக்கவில்லையென்றால் வைத்துவிட்டு வரலாம்.

வேலையும் அப்படித்தான். எனக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தார்கள், என் பிரசவத்துக்கு அந்த இஎஸ்ஐதான் கைகொடுத்தது. மளிகைக் கடையில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பையன்கள் எத்தனை பேருக்கு இது உண்டு? ஆனால் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கியதும் உண்மை. 2021இல் நம் ஊர்க் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று கொண்டுவந்த பிறகுதான் எங்கள் கடையில் ஸ்டூல் வந்தது, அதிலும் மேனேஜர் இருக்கும்போது உட்காரத் தயக்கம்.

பெரிய கடையில் எல்லாமே மலிவு என்று நம்பிவிடவும் வேண்டாம். வாசலில் சர்க்கரை, எண்ணெய் இரண்டையும் அடிமாட்டு விலைக்குப் போட்டு உள்ளே இழுப்பார்கள், மற்றதில் எடுத்துவிடுவார்கள். எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்க வேண்டும், பக்கத்தில் கிட்டத்தட்ட அதே உயரத்தில் 750 கிராம் பாக்கெட்டும் நிற்கும். ஒரு கிராமுக்கு என்ன விலை என்று இப்போது பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள், அதைப் பார்த்து வாங்கச் சொல்லி என் தங்கைக்குப் பழக்கியிருக்கிறேன்.

தம்பி, அந்த டெய்லரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு என்ன வழி என்றும் யோசியுங்கள்.

பெரம்பூர் வீட்டுக்காரர்:

உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு அக்ரிமென்ட்டை மட்டும் பேசுகிறேன். என் சித்தப்பா கட்டடத்தில் இதே மாதிரி ஒரு கம்பெனி வந்தது, பெயர் வேண்டாம். ஒன்பது வருடம் என்று எழுதினார்கள். உள்ளே படித்தால் அந்த ஒன்பது வருடமும் சித்தப்பாவுக்குத்தான், அவர்கள் மூன்று மாத நோட்டீஸில் போய்விடலாம். விற்பனை வரவில்லை என்று இரண்டாவது வருடமே போய்விட்டார்கள். கடைசி மாதங்களில் வாடகை கட்டவில்லை, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தலைவலி. மூன்று கடையாக இருந்ததை ஒரு ஹாலாக்கியாயிற்று, அவ்வளவு பெரிய இடத்துக்கு அந்தத் தெருவில் ஆளில்லை, திரும்பச் சுவர் எழுப்பி ஷட்டர் போட்டது சித்தப்பாவின் கைக்காசு. பழைய கடைக்காரர் அதற்குள் வேறு தெருவில் ஊன்றிவிட்டார், கூப்பிட்டும் வரவில்லை.

அதனால் "லாக்-இன்", அதாவது இவ்வளவு காலம் விலகக்கூடாது என்ற கட்டுப்பாடு, யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். குறைந்தது மூன்று வருடம் அவர்களும் போகக்கூடாது, போனால் மீதி வாடகை தர வேண்டும் என்று எழுத மறுத்தால் அந்த இரண்டரை மடங்கு வெறும் காகிதம்தான். சுவரைப் பழையபடி கட்டித் தருவது அவர்கள் செலவு என்று வர வேண்டும். பழைய வீடு என்கிறீர்கள், மாடியில் அம்மா இருக்கிறார்கள், அந்தச் சுவர் மேல்தளத்தைத் தாங்குகிறதா என்று ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டாமல் கை வைக்க விடாதீர்கள். யாருக்கு விட்டாலும் எழுத்தில் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி பதிவு செய்துவிடுங்கள், அண்ணாச்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மின்ட் பழைய ஆள்:

மேலே சொன்னது ஒரு சித்தப்பாவுக்கு நடந்ததோடு நிற்கவில்லை. இந்த மாதிரிக் கடைகளுக்கு நம்ம சென்னையிலேயே பழைய கதை உண்டு. 1904லேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், வாங்குகிறவர்களே சேர்ந்து நடத்திய கடை. 1996இல் ஃபுட்வேர்ல்டு சூப்பர் மார்க்கெட். 1997இல் திருவான்மியூரில் சுபிக்ஷா, பெரிய ஷோரூம் ஏசி எதுவும் வேண்டாம், தெருவுக்குள் சின்னக் கடை, குறைந்த விலை, அதுதான் அவர்கள் கணக்கு. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நாடு முழுக்க 1,600 கடை வரை போனார்கள். 2009 தொடக்கத்தில் கையில் பணம் இல்லாமல் மொத்தமாக மூடிவிட்டார்கள். சம்பளம், வாடகை, சரக்குப் பாக்கி எல்லாம் நின்றுபோனது.

அமெரிக்காவில் வால்மார்ட் 2011இல் "எக்ஸ்பிரஸ்" என்று சின்னக் கடைகளைக் கிராமங்களிலும் சிறுநகரங்களிலும் திறந்தது, டாலர் ஜெனரல் போன்ற மலிவுக் கடைகளுக்குப் போட்டியாக. 2016 ஜனவரியில் நூற்றிச் சொச்சம் எக்ஸ்பிரஸ் கடைகளையும் ஒரே அறிவிப்பில் மூடியது. வடக்கு கரோலினாவில் ஓரியன்டல் என்ற சின்ன ஊர். அங்கே 40 வருடத்துக்கு மேல் இருந்த உள்ளூர் மளிகைக் கடை, வால்மார்ட் வந்த பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல் 2015 அக்டோபரில் மூடியது. மூன்று மாதம் கழித்து வால்மார்ட்டும் கிளம்புவதாகச் சொல்லிவிட்டது, ஊருக்குள் மளிகைக் கடையே இல்லை. அப்புறம் அந்த எக்ஸ்பிரஸ் இடங்களில் 41ஐ டாலர் ஜெனரலே வாங்கிக்கொண்டது.

பெரிய கம்பெனிக்கு ஒரு தெருக் கடை என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அந்த வரி சிவப்பில் போனால் மும்பையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து அடித்துவிடுவார்கள். அடித்தவருக்குத் திருவொற்றியூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றும் தெரிந்திருக்காது. பெரிய கடையே கூடாது என்று நான் சொல்லவில்லை, அக்கா சொன்ன பிஎஃப்பும் விலைச் சீட்டும் வேண்டியவைதான். ஆனால் அது மெயின் ரோட்டில் இருக்கட்டும், அண்ணாச்சி இருக்கிற இடத்தைக் காலி செய்துகொண்டு வர வேண்டாம்.

தேரடி வாசி:

எல்லோருக்கும் நன்றி. புரோக்கரிடம் டிராஃப்ட் வாங்கிப் படித்தேன், பெரம்பூர் அண்ணன் சொன்னபடியே லாக்-இன் எங்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறது. மாற்றச் சொல்லிக் கேட்டேன், "கம்பெனி ஃபார்மட் சார், மாத்த மாட்டாங்க" என்றார். அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அம்மாவின் செலவு அப்படியே நிற்கிறது, வாடகை ஏறியே ஆக வேண்டும். டெய்லரிடம் பேசினேன், நியாயமான ஏற்றத்துக்கு ஒத்துக்கொண்டார். அண்ணாச்சியிடம் எவ்வளவு கேட்கலாம்? கடை தாங்கும் அளவு எது என்று எனக்குத் தெரியவில்லை.

கொருக்குப்பேட்டை மளிகை:

நாள் விற்பனை எவ்வளவு என்று கேளுங்கள், மறைக்க மாட்டார். என் அனுபவத்தில் மொத்த விற்பனையில் நூற்றுக்கு மூன்று வரை வாடகை போனால் மளிகைக் கடை நிற்கும், அதற்கு மேல் போனால் கையைக் கடிக்கும். தடைக்காலத்தில் கல்லாவில் காசு சேராது, அந்த இரண்டு மாதம் பழைய வாடகை, மீதிப் பத்து மாதத்துக்குக் கூடுதல் என்று பிரித்துக் கேட்டால் அவருக்கும் சுலபம், உங்களுக்கும் வருடக் கணக்கில் குறையாது. பின் குடோனுக்குத் தனியாக ஒரு தொகை போடலாம், அதை விட்டால் மூட்டை இறக்க அவருக்கு வேறு இடம் கிடைப்பது கஷ்டம். அக்கா சொன்ன வண்டு ரவையையும் பேச்சோடு பேச்சாக அவர் காதில் போடுங்கள், நானும் இன்று என் கடை ரவை டின்னைத் திறந்து பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகாதீர்கள், கூட்டம் நெரியும், பதினோரு மணிக்கு மேல் போங்கள், உட்கார்ந்து பேசுவார்.