கொடி இருந்த இடம்

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் ராத்திரிகள் பெரும்பாலும் கட்சிக்குச் சுவரெழுதுவதில்தான் போகும். சுண்ணாம்பு அடித்து, விடிவதற்குள் நாலு சுவரை முடிக்க வேண்டும். பகலில் போஸ்டர் அச்சடிக்க லினோ என்ற மெத்தென்ற தகட்டைச் செதுக்குவேன்; செதுக்கி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக விழும். என் படங்களில் எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே உயர்த்திய கை. அரசியல் ஓவியம் என்றால் அதுதான் என்று முழுசாக நம்பினேன்.

அச்சுக்கலைப் பிரிவில் படித்த ஓர் அண்ணன்தான் வங்க ஓவியர் சோம்நாத் ஹோரின் தேபாகா கோட்டோவியங்களைக் காட்டினார். விளைச்சலில் பாதியல்ல, மூன்றில் இரண்டு பங்கு எங்களுக்கு என்று வங்கத்துக் குத்தகை விவசாயிகள் எழுந்த போராட்டம் அது. 1946 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி அதை வரைந்து பதிவு செய்ய ஹோரை வங்கத்தின் ரங்பூருக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு 25 வயது. அவரும் போஸ்டரில் தொடங்கியவர்தான். "முகங்களப் பாருடா, ஒருத்தன் மாதிரி இன்னொருத்தன் இருக்கானா?" என்றார் அண்ணன். எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள், நாங்கள் வழக்கமாக டீ குடிக்கும் கடை அம்மாவை உட்காரவைத்து வரைந்தேன். நரம்போடிய கை, காதில் வெறும் துளை. அதையே மே தினப் போஸ்டருக்குச் செதுக்கினேன். பொறுப்பில் இருந்த தோழர் பார்த்துவிட்டு, "கொடி எங்கே தம்பி? சனங்களுக்குப் புரியாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை, எனக்குச் சோறு போட்டவர். மறுக்க முடியவில்லை. தலைக்கு மேல் செதுக்காமல் விட்டிருந்த இடத்தில் ஒரு கொடியைச் செதுக்கிக் கொடுத்தேன்.

பல வருடம் கழித்து ஒரு கண்காட்சியில் ஹோரின் 'காயங்கள்' வரிசையை நேரில் பார்த்தேன். 1970களில் செய்தவை. களிமண் பலகையைக் கத்தியால் கீறி, சூட்டுக்கோலால் பொசுக்கி, அதிலிருந்து சிமெண்ட் அச்சு வார்த்து, அதில் காகிதக் கூழை அழுத்தி எடுத்திருக்கிறார். மை கிடையாது. நேரே நின்றால் வெறும் வெள்ளைத் தாள். கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி நின்றேன், தோல் கிழிந்த மாதிரி ஒரு கீறல் எழுந்து வந்தது. பஞ்சமும் போரும் பார்த்த மனுஷன் கடைசியில் அந்தக் கீறலை மட்டும் வைத்துக்கொண்டார். அப்படியே நின்று அழுதேன்.

ஊர் திரும்பியதும் பழைய லினோவைத் தேடி எடுத்தேன். கொடியை மட்டும் உளியால் சுத்தமாக வழித்துவிட்டு மறுபடி அச்சிட்டேன். டீக்கடை அம்மாவின் தலைக்கு மேல் அந்த இடம் இப்போது வெள்ளையாக இருக்கிறது.