மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தில் உடற்பயிற்சிக்கு மனமே வரவில்லை, என்ன செய்வது?

பலகாரக்காரி, காரைக்குடி:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது நடக்கிறது. வீட்டிலேயே பலகாரம் செய்து, கல்யாணத்துக்கும் சீர் வரிசைக்கும் ஆர்டரின் பேரில் கொடுத்து வருகிறேன். கொஞ்ச காலமாக மாதவிடாய் ஒழுங்கில்லை. ஒரு முறை நாள் கணக்குக்கு முன்பே வந்துவிடுகிறது. அடுத்த முறை இரண்டு மாதம் தள்ளிப்போய், வந்த பிறகு நிற்க மாட்டேன் என்கிறது. எண்ணெய்ச் சட்டியின் முன் உட்கார்ந்து சீப்புச் சீடை போட்டுக்கொண்டிருக்கும்போது, அடுப்பின் சூடு வேறு, உள்ளிருந்து கிளம்பும் சூடு வேறு என்று எனக்கே தெளிவாகத் தெரிகிறது. அது மார்பில் தொடங்கிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறி, ரவிக்கை நனைந்து, சில நிமிடங்களில் உடம்பு குளிரெடுத்துவிடுகிறது. இரவிலும் இதே கதைதான். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அதன் பிறகு தூக்கம் கிடையாது.

மருத்துவர், "இது பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிற்கப்போகும் பருவம், உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய ஷூ பெட்டியோடு முகப்பில் இருக்கிறது. செய்ய வேண்டும் என்பது தெரிந்தும் உடம்பு அசைய மறுக்கிறது. அதற்காக என்மீதே கோபமும் வருகிறது. மாமியாரோ, "வாசல் முகப்பிலிருந்து வீட்டின் பின்னாலிருக்கும் நாலாங்கட்டுக்குப் போய் வருவதே ஒரு மைல், இதற்கு மேல் என்ன நடை?" என்கிறார். வீட்டு வேலையே உடற்பயிற்சி என்பது உண்மைதானா? மனம் வராதபோது எப்படித் தொடங்கினீர்கள்? இந்தப் பருவத்தைக் கடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உடற்கல்வி ஆசிரியை, தேவகோட்டை:

முதலில் அந்தக் கோபத்தை விடுங்கள். இந்தப் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. ஏறியும் இறங்கியும் அலைக்கழிக்கிறது. மனநிலையைச் சமன்செய்யும் செரட்டோனின் முதலான மூளை வேதிப்பொருள்களோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதாலும், இரவு வியர்வை தூக்கத்தைக் கெடுப்பதாலும், ஊக்கம் குறைவது இயல்பான விளைவு. அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டிவிடுவதும் சரியில்லை. நிற்காமல் போகும் உதிரப்போக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைவாக இருப்பவரிடம் "மனம் வைத்தால் முடியும்" என்று சொல்வது அநியாயம். ஆகவே ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச், சர்க்கரை, வைட்டமின் டி, நீங்கள் சைவம் என்றால் பி12 ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஷூவைப் பெட்டியிலிருந்து எடுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே அசதி, இதே மாதவிடாய்க் குழப்பம், எடை ஏற்றமும் வரும்.

வீட்டு வேலையைப் பற்றி: உங்கள் மாமியார் சொல்வது முழுத் தவறில்லை. நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் பல ஆண்டுகளாக ஒரே வேலையை, ஒரே எடையோடு செய்யும் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. பழகிய சுமையால் தசை மேலும் வலுப்பெறுவதில்லை. இந்தப் பருவத்தில் நமக்கு அவசரமாக வேண்டியது அந்த வலுதான். கடைசி மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பிருந்து அடுத்த இரண்டு ஆண்டுகள் வரை எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. தசையும் கூடவே கரைகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மில் பலர் நடையோடு நிறுத்திக்கொள்கிறோம். இரண்டாவது பாதியைக் கேள்விப்படுவதே இல்லை.

அதற்கு ஜிம் தேவையில்லை. கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக, தொப்பென்று விழாமல் உட்காருங்கள். வளவின் (உள்முற்றத்தின்) தூணுக்கு ஓர் அடி தள்ளி நின்று, அதில் இரு உள்ளங்கைகளையும் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைத் தூணருகே கொண்டுபோய்த் திரும்புங்கள். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் இருக்கக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது அருகில் இருக்கட்டும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பத்து முறை. முழுவதும் செய்தாலும் பால் காய்ந்து பொங்குவதற்குள் முடிந்துவிடும். மனம் வருவதற்காகக் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் உடம்பு அசைந்து சில நிமிடம் ஆன பிறகுதான் மனம் பின்னால் வந்து சேருகிறது. அன்றைக்குச் சுத்தமாக முடியவில்லையென்றால் ஒரே ஒரு முறை எழுந்து உட்கார்ந்தாலும் அதைச் செய்ததாகவே கணக்கில் வையுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: உடற்பயிற்சியால் அந்த உள்சூடு குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தூக்கம், மனநிலை, எலும்பு, இதயம், சர்க்கரை ஆகியவற்றுக்குப் பயன் உண்டு. சூடு அடங்கவில்லையே என்று பயிற்சியைக் கைவிட்டவர்களைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன். சூடு தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அதற்கு ஹார்மோன் மருந்து உட்பட வேறு சிகிச்சைகள் உள்ளன. மகப்பேறு மற்றும் மகளிர் நல மருத்துவரிடம் கேட்கலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:

ஆசிரியை அழகாக விளக்கிவிட்டார்கள். ஆனால் எனக்குத் தூணும் நாற்காலியும் ஒத்துவரவில்லை. தனியாகச் செய்ய வேண்டிய எதையும் நான் தொடர்ந்து செய்ததில்லை. எனக்கு 58 வயதாகிறது. மாதவிடாய் நின்றுபோன அந்தச் சில ஆண்டுகளில் என்னைக் கட்டிலை விட்டு எழுப்பியது உடல்நலம் பற்றிய அக்கறை அல்ல. எதிர்வீட்டு அண்ணமிண்டி (அண்ணி) ஊருணிக் கரையில் காத்துக்கொண்டு நிற்பார்களே என்கிற கூச்சம்தான். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். நம் பக்கத்து வெயிலுக்குச் சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்கே நடப்பது கடினம். ஏற்கனவே உள்ளுக்குள் எரிகிற உடம்புக்கு அது தண்டனை.

இன்னொரு சங்கதியும் உண்டு. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் வழக்கம் நம் நகரத்தாரிடம் பல தலைமுறையாக இருக்கிறது. பெண்களும் திரளாக நடக்கிறார்கள். அதற்கென்று கார்த்திகையிலிருந்தே நடந்து பழகுபவர்கள் உண்டு. முருகனுக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டால் மனம் வருகிறதா என்ற கேள்வியே எழுவதில்லை. ஆனால் பழனியிலிருந்து பஸ் ஏறித் திரும்பியதும் மாசியிலிருந்து மறுபடி கட்டிலைப் பிடித்துக்கொண்டால் ஒரு பயனும் இல்லை. வருடத்துக்கு ஒரு வாரம் காலில் கொப்புளம் வர நடப்பதைவிட, தினமும் ஊருணியைச் சுற்றுவதுதான் இந்த வயதுக்கு ஏற்றது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

உங்கள் பலகாரத் தொழிலில் உதவிக்கு வரும் பெண்கள் இருப்பார்களே? அவர்களில் உங்கள் வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, அடுப்புப் பற்றவைக்கும் முன் ஒரு சுற்று போய்வாருங்கள். அந்த மூன்று மணி விழிப்பும் அப்போது அவ்வளவாக உறுத்தாது.

கோட்டையூர் வாசகி:

நான் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். எனக்கும் இதே வயதில், "நடங்கள், எடையைக் குறையுங்கள்" என்றுதான் சொன்னார்கள். தலைசுற்றலோடு நடந்தேன். பிறகு வேறொரு மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னபோதுதான் கருப்பையில் நார்க்கட்டி இருப்பதும், அதனால் உதிரம் போய்ப் போய் இரத்தம் வற்றியிருப்பதும் தெரிந்தது. உங்கள் அறிகுறி அதேதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்து, அது தொடர்ந்து சில மணி நேரம் நீடித்தாலோ, கட்டிகளாகப் போனாலோ, பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு உடனே காட்டுங்கள். மாதவிடாய் முற்றிலும் நின்று 12 மாதம் கடந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அதே போலக் காட்ட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு ஓய்வெடுப்பதும் உடம்பைப் பார்த்துக்கொள்வதுதான். யார் முணுமுணுத்தாலும் படுத்துக்கொள்ளுங்கள்.

பலகாரக்காரி, காரைக்குடி:

மூவருக்கும் நன்றி. இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். கோட்டையூர் சகோதரி சொன்னபடி ஸ்கேன் பற்றியும் கேட்கிறேன். ஆசிரியையிடம் இரண்டு சந்தேகங்கள். அதிரசத்துக்குப் பாகு கிளறுவதிலும், முறுக்குக் குழலை அழுத்துவதிலும் கை தோள்வரை வலிக்கிறதே, அது வலுவூட்டும் பயிற்சி ஆகாதா? மேலும், இருமினாலோ தும்மினாலோ சில சொட்டுச் சிறுநீர் கசிகிறது. அதனாலேயே வெளியில் நடக்கத் தயங்குகிறேன். இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

உடற்கல்வி ஆசிரியை, தேவகோட்டை:

நீங்கள் சொல்வது வேலைக் களைப்பின் வலி. ஒரே கை, ஒரே திசையில், ஓய்வின்றி மணிக்கணக்கில் உழைப்பதால் வருவது. குழல் பிழியும் நாளில் தூண் பயிற்சியை விட்டுவிட்டு எழுந்து உட்காருவதை மட்டும் செய்யுங்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாத அளவுக்குத் தோள் இறுகினால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். இந்த வயதுப் பெண்களுக்குத் தோள் இறுக்கம் அடிக்கடி வருகிறது.

கசிவு மிகப் பரவலானது. நீங்கள் மட்டும் இல்லை. சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவது போல இடுப்படித் தசையை உள்ளே மேலே இழுத்து, சில வினாடி நிறுத்தி, முழுவதுமாகத் தளர்த்துங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்காதீர்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, சீடை உருட்டிக்கொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலன் தெரியக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். கசிகிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவும் வேண்டாம். எண்ணெய்ச் சட்டி முன் அத்தனை வியர்வை சிந்துகிற உங்களுக்கு அது ஆபத்து. அதுவரை நாப்கின் வைத்துக்கொண்டு ஊருணிக்குப் போங்கள். ஹீமோகுளோபின் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்; அதைப் பார்த்துவிட்டு நடையின் அளவைப் பேசலாம்.